பிக்கப்புக்கு ஆல் டெரெய்ன் டயர்: பட்டனில் தொடங்கிக் காற்றில் முடிந்த கதை

புது டயர் போட்ட நான்காம் நாள் டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் பிக்கப்பின் பின்புறம் மெல்ல அசைய ஆரம்பித்தது. ஸ்டியரிங் பிடித்த கைக்கு ஒன்றும் தெரியவில்லை, இருக்கையில்தான் தெரிந்தது. யாரோ பின்னால் நின்று இடமும் வலமுமாக லேசாக உலுக்குவது போல. ஒரு லாரி முந்திப் போனபோது வண்டி மூன்று நான்கு முறை ஆடித்தான் அடங்கியது. பாதி மொட்டையாகிப்போன பழைய டயரில்கூட இப்படி ஒருநாளும் ஆடியதில்லை. ஒரு மாதம் உட்கார்ந்து எடை பார்த்து, கணக்குப் போட்டு வாங்கிய டயர் அது. வேகத்தை 60-க்குக் குறைத்துக்கொண்டு, வழி முழுக்க என்னையே திட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

என் வேலை இதுதான். இரட்டை அச்சு டிரெய்லரில் ஒரு மினி எக்ஸ்கவேட்டரை ஏற்றிக்கொண்டு வேலை நடக்கும் இடத்துக்குப் போக வேண்டும். பத்தில் ஒன்பது பங்கு தூரம் நல்ல தார் சாலை. கடைசிச் சில கிலோமீட்டர் ஜல்லியும் மண்ணும், மழை பெய்தால் களிமண். கம்பெனியிலிருந்து வந்த டயர் நெடுஞ்சாலைக்கு ஆனது. ஈரக் களிமண்ணில் அதன் சின்னச் சின்னக் காடிகள் மண்ணால் அடைத்துக்கொண்டு, சக்கரம் வழுவழுப்பான உருளை மாதிரி சுற்றும். இரண்டு முறை, டிரெய்லரில் இருந்த எக்ஸ்கவேட்டரையே இறக்கி அதன் கையால் பிக்கப்பை இழுத்திருக்கிறேன். பார்ப்பவர்களுக்கு நல்ல வேடிக்கை. மூன்றாவது முறை வேண்டாம் என்றுதான் தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயரைத் தேட ஆரம்பித்தேன்.

கடைக்குப் போவதற்கு முன் எடை மேடைக்குப் போனேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆரம்பத்திலிருந்தே சரியாக நடந்துகொண்டேன் என்று சொல்லலாம். முதலில் டிரெய்லர் இல்லாமல் பிக்கப் மட்டும்: இரண்டு பேர், கருவிப் பெட்டி, டீசல் கேன், வழக்கமாக ஏற்றும் எல்லாமும். முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தினால் 1,310 கிலோ, பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தினால் 1,240 கிலோ. அப்புறம் டிரெய்லரை மாட்டி, அதன் சக்கரங்கள் மேடைக்கு வெளியே இருக்கும்படி நிறுத்தி அதே மாதிரி இரண்டு எடை. இப்போது முன்னால் 1,185, பின்னால் 1,685.

கூட்டிப் பார்த்தால் பிக்கப்பின் மேல் கூடுதலாக ஏறியது 320 கிலோ. அதுதான் டிரெய்லரின் மூக்கு, அதை மாட்டும் பிக்கப்பின் இணைப்புப் பந்தின் மேல் அழுத்தும் எடை. மொத்த டிரெய்லர் 2,800 கிலோ. மூக்கு எடை அதில் பத்து முதல் பதினைந்து சதவீதம் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு, எனக்குப் பதினொன்றுக்குச் சற்று மேல். சரி. ஆனால் பின் அச்சில் ஏறியது 320 இல்லை, 445! பந்து பின் அச்சுக்கு ஒன்றேகால் மீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. சீசா பலகை மாதிரி, பின்னால் அழுத்தினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். முன் அச்சிலிருந்து 125 கிலோ கழன்று அதுவும் பின்னால் வந்து சேர்ந்துவிட்டது. ஆக, ஒரு பின் டயருக்கு 842 கிலோ. கருவிப் பெட்டி ஒரு பக்கமாக இருப்பதால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் கூட.

இந்த எண் கையில் இல்லாமல் டயர் கடைக்குப் போனால் பட்டனின், அதாவது தரையில் படும் கட்டிகளும் காடிகளும் சேர்ந்த பகுதியின், அழகைப் பார்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். ஆல் டெரெய்ன் டயர் விற்பதே அந்த அழகில்தான். பக்கச்சுவரில் வெள்ளை எழுத்து, ஓரத்தில் முதலைப் பல் மாதிரி கட்டிகள். நானும் மயங்கவில்லை என்று சொன்னால் பொய்.

என் பழைய டயரில் எழுதியிருந்தது பி265/70ஆர்17 113எஸ். முதலில் நிற்கும் 'பி' என்றால் பயணிகள் வாகன வகை. 265 மில்லிமீட்டர் அகலம், அதில் 70 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், 17 அங்குல ரிம். 113 என்பது எடைக் குறியீடு, 1,150 கிலோ. கடைசி எழுத்து எஸ் வேகத்துக்கு, மணிக்கு 180 கிலோமீட்டர். ஒரு டயருக்கு 1,150 கிலோ, எனக்குத் தேவை 842, இதே வகையில் ஆல் டெரெய்ன் வாங்கினால் போதுமே என்று தோன்றும். இங்கே ஒரு கழித்தல் இருக்கிறது. பி வகை டயரை பிக்கப் போன்ற வண்டியில் போட்டால் அதன் தாங்கும் எடையை 1.10-ஆல் வகுக்க வேண்டும். 1,045 ஆகிறது. அப்போதும் போதும்தான். எடை மட்டுமே பிரச்சினை என்றால் நான் அங்கேயே நின்றிருப்பேன்.

டிரெய்லர் இழுப்பவனுக்கு எடையை விடப் பெரிய தலைவலி பக்கவாட்டு நெளிவு. டிரெய்லரின் மூக்கு இடமும் வலமும் தள்ளும்போது அந்தத் தள்ளலை வாங்குவது பின் டயரின் பக்கச்சுவர். அது மெத்தென்று இருந்தால் வண்டி ரிம்மோடு ஒரு பக்கமும் டயர் தரையோடு இன்னொரு பக்கமுமாக நெளியும். அதனால்தான் எல்.டி. என்ற லைட் டிரக் வகைக்கு வந்தேன். எல்.டி.265/70ஆர்17, லோட் ரேஞ்ச் ஈ, 121/118எஸ். இரட்டை எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அச்சின் ஒரு பக்கத்தில் ஒற்றை டயர் என்றால் முதல் எண், லாரி மாதிரி ஜோடியாகப் போட்டால் இரண்டாவது எண். 121 என்றால் 1,450 கிலோ.

கடைக்காரர்கள் இதைப் பத்து பிளை டயர் என்பார்கள். உள்ளே பத்து அடுக்கு இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. பருத்தி நூலில் டயர் கட்டிய காலத்துக் கணக்கு அது. இன்று இரண்டு மூன்று பாலியெஸ்டர் அடுக்கே அந்தப் பலத்தைக் கொடுத்துவிடும், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. சி என்றால் ஆறு பிளை, டி எட்டு, ஈ பத்து. அந்த எழுத்து சொல்வதெல்லாம் எவ்வளவு காற்று பிடித்து எவ்வளவு எடை ஏற்றலாம் என்பதைத்தான். சி-க்கு உச்சம் 50 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு, கடையில் 'பாயிண்ட்' என்பார்கள்), டி-க்கு 65, ஈ-க்கு 80. இந்த வரியைப் படித்துவிட்டு நான் அப்படியே தாண்டிப் போனேன். கதையின் வில்லன் இங்கேதான் ஒளிந்திருந்தான்.

பட்டனுக்கு வருகிறேன். ஆல் டெரெய்ன் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு மூன்று ஜாதி இருக்கிறது. ஒரு முனையில் ஏறக்குறைய நெடுஞ்சாலை டயர், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கரடுமுரடு. மறுமுனையில் சேற்று டயருக்கு ஒன்றுவிட்ட தம்பி. இழுவைக்கு நான் பார்த்தது மூன்று விஷயம். நடுப்பகுதியில் கட்டிகள் நெருக்கமாக, கிட்டத்தட்ட தொடர்ச்சியான பட்டை போல ஓடுகிறதா? கட்டியைக் கட்டை விரலால் பக்கவாட்டில் தள்ளினால் வளைகிறதா? ஓரத்துக் கட்டிகளுக்கு நடுவே, காடியின் அடியில், ரப்பரால் சிறு பாலம் போட்டிருக்கிறார்களா? உயரமான, தனித்தனியாக நிற்கும் கட்டிகள் சேற்றில் நன்றாகக் கடிக்கும். ஆனால் தார் சாலையில் 2,800 கிலோ பின்னால் தள்ளும்போது ஒவ்வொரு கட்டியும் தனித்தனியாக நெளியும். சேற்று டயரை நான் ஒதுக்கியதற்கு அதுவே காரணம். ஈரமான தார் சாலையில் பிரேக் பிடிக்க உதவும் கத்திக்கீறல் போன்ற மெல்லிய கோடுகளும் அதில் குறைவாகவே இருக்கும்.

கூடவே, காடியின் அடியில் சின்ன மேடுகள் வரிசையாக இருக்கிறதா என்று பார்த்தேன். ஜல்லி சிக்கிக்கொண்டால் அதை வெளியே உந்தித் தள்ள வைத்தது அது. இல்லாவிட்டால் சிக்கிய கல் எடையின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல உள்ளே துளைத்துக்கொண்டு போகும்.

பனி பெய்யும் இடங்களில் ஓட்டுபவர்கள் மூன்று சிகரமும் நடுவில் பனித்துகளும் போட்ட சின்னத்தைத் தேட வேண்டும். பனியில் சோதித்துப் பார்த்த டயருக்கே அது கிடைக்கும். எம்+எஸ் என்ற எழுத்துக்கு அப்படிச் சோதனை எதுவும் தேவையில்லை, பட்டனின் அமைப்பைப் பார்த்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது. இரண்டும் இழுவையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

ஒரு சுற்று பெரிதாகப் போட்டால் வண்டி கம்பீரமாக இருக்குமே என்று நண்பர் ஒருவர் தூபம் போட்டார். 285/70ஆர்17. கணக்குப் பார்த்தேன். என் டயரின் விட்டம் 803 மில்லிமீட்டர், அது 831. மூன்றரை சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 103.5-இல் போவேன். அது போகட்டும். சக்கரம் பெரிதானால் ஒவ்வொரு கியரும் அதே அளவு 'நீளமாகி'விடும், மேட்டில் எஞ்சினுக்குத் திணறல். பிரேக்குக்கும் அதே பாதகம். பந்து 14 மில்லிமீட்டர் மேலே போய், டிரெய்லரின் மூக்கு நிமிர்ந்து, எடை அதன் பின் அச்சுக்கு நகரும். கம்பீரம் வேண்டாம் என்று அதே அளவிலேயே நின்றேன்.

வாங்கும் நாளன்று ஒரே ஒரு வாக்குவாதம். காட்டிய நான்கு டயரில் இரண்டின் பக்கச்சுவரில் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மற்ற இரண்டிலிருந்து இரண்டு வருடம் தள்ளி இருந்தது. அது டயர் தயாரான தேதி: முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். "புதுசுதான் அண்ணே, பிரிக்கவே இல்லை" என்றார் கடைக்காரர். பிரிக்காவிட்டாலும் ரப்பருக்கு வயது ஏறும் அல்லவா? நான்கும் ஒரே வருடத்தில் வரும்வரை இரண்டு நாள் காத்திருந்தேன்.

மாட்டி, பேலன்ஸ் செய்து, அலைன்மென்ட் பார்த்தார்கள். நட்டை மெஷினால் முடுக்கிவிட்டுப் போகப் பார்த்தவரை நிறுத்தி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கச் சொன்னேன். 80 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி நானே இறுக்கினேன். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கடைசியில் கடைப் பையன் கதவைத் திறந்து, ஓட்டுநர் பக்கத் தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து, நான்கிலும் 35 பாயிண்ட் காற்று பிடித்தான். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஸ்டிக்கர் பார்த்துப் பிடிக்கிறானே, நல்ல பையன் என்று மனதுக்குள் பாராட்டக்கூடச் செய்தேன்.

இனி ஆட்டத்துக்குக் காரணம் தேடிய கதை. சந்தேகம் முதலில் சுமையின் மேல் போனது. எக்ஸ்கவேட்டரைக் கொஞ்சம் பின்னால் நிறுத்தியிருந்தால் மூக்கு எடை குறைந்து டிரெய்லர் வால் ஆட்டும். அளந்தேன், வழக்கமான இடத்தில்தான் இருந்தது. பந்தும் கொக்கியும் இறுக்கம். டிரெய்லர் டயர் ஒன்றில் 8 பாயிண்ட் குறைவு. ஆஹா, இதுதான் என்று காற்று பிடித்து ஓட்டினேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. புது டயர் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். வார்ப்பிலிருந்து எடுக்கும்போது பூசிய வழுக்குப் பொருள் போகவும், முழு உயரத்தில் நிற்கும் கட்டிகள் கொஞ்சம் பதப்படவும் சில நூறு கிலோமீட்டர் ஆகும். 800 கிலோமீட்டர் வரை டிரெய்லரை மாட்டாதே என்பார்கள். நான் நான்காம் நாளே மாட்டினேன், அது என் அவசரம். ஆனால் வெறும் டயர் நெளிவுக்கு அந்த ஆட்டம் அதிகம்.

விடை ஒரு அட்டவணையில் கிடைத்தது. டயர் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு அளவுக்கும் எந்தக் காற்றில் எவ்வளவு எடை என்று அட்டவணை வெளியிடுவார்கள். எல்.டி.265/70ஆர்17 டயர் 1,450 கிலோ தாங்கும் என்பது 80 பி.எஸ்.ஐ.யில். 50-இல் அது 1,120 கிலோ. 35-இல்? 900 கிலோவுக்கும் கீழே. என் பழைய பி வகை டயர் அதே 35-இல் 1,150 கிலோ தாங்கியது, வகுத்தபின் 1,045. பலசாலி என்று நினைத்து வாங்கிய டயர், கதவு ஸ்டிக்கரில் இருந்த காற்றில் பழையதைவிட நோஞ்சான். எடையைத் தாங்குவது ரப்பரில்லை, உள்ளே அடைத்திருக்கும் காற்று. தடித்த உடம்பு அந்தக் காற்றை அதிகமாகப் பிடித்து வைக்கத்தான். அந்த ஸ்டிக்கர் என் வண்டிக்கு எழுதியதுதான், ஆனால் கம்பெனி போட்ட டயரை மனதில் வைத்து எழுதியது. டயரின் ஜாதி மாறியதும் அந்த எண்ணுக்குப் பொருள் போய்விட்டது.

842 கிலோ சுமை, 900-க்குக் கீழான தாங்கும் திறன். கருவிப் பெட்டி இருக்கும் பக்கத்தில் மிச்சம் என்று சொல்ல ஏதும் இருந்திருக்காது. நல்லவேளையாக வேகத்தைக் குறைத்தேன். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் வளைந்து நிமிரும், அந்த வளைவு சூடாக மாறும், சூடு ஏறினால் எஃகு அடுக்கிலிருந்து பட்டன் பகுதியே உரிந்து போகலாம். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது இப்படி உரிந்த டயர்களால்தான். அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தன, ஃபோர்டு பரிந்துரைத்திருந்த காற்று 26 பி.எஸ்.ஐ. குறை டயரிலா காற்றிலா வண்டியிலா என்று இரண்டு நிறுவனங்களும் மாறி மாறிக் கை காட்டின. அந்த விவகாரத்துக்குப் பின் வந்த சட்டத்தின் வழியாகத்தான் அங்கே காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு கட்டாயமானது.

அந்த விளக்கு என் வண்டியிலும் இருக்கிறது. ஏன் எரியவில்லை? அது பொதுவாக ஸ்டிக்கரில் உள்ள அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்தால்தான் எரியும். 35-க்கு அது 26 சொச்சம். 46 வேண்டிய டயரில் 30 இருந்தாலும் விளக்கு சமர்த்தாகத் தூங்கும். இப்போது ஸ்கேன் கருவி வைத்திருந்த மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து அந்த வரம்பை உயர்த்திக்கொண்டேன். எல்லா வண்டியிலும் இது முடியாது. முடியாதவர்கள் கேஜை நம்பத்தான் வேண்டும்.

46 எங்கிருந்து வந்தது? பழைய டயர் தந்த 1,045 கிலோவை இந்த டயர் தர வேண்டுமானால் காற்று 45-ஐக் கொஞ்சம் தாண்ட வேண்டும். ஆகவே காலி வண்டிக்கு நான்கிலும் 46. டிரெய்லர் மாட்டும் நாளில் பின்னால் மட்டும் 50, 55, 60 என்று மூன்று அளவையும் ஒரே சாலையில், ஒரே சுமையோடு ஓட்டிப் பார்த்தேன். 50-இலேயே ஆட்டம் ஏறக்குறைய போய்விட்டது. 55-இல் லாரி முந்தும்போது ஒரு தள்ளல், அவ்வளவுதான், உடனே நின்றது. 60-இல் சாலையின் ஒட்டுத் தையல்கள் எல்லாம் முதுகெலும்பில் வந்து உட்கார்ந்தன, ஜல்லிப் பாதையில் பின் சக்கரம் துள்ளியது. 55-இல் நிறுத்திக்கொண்டேன். எல்லாம் காலையில் ஓட்டத் தொடங்குவதற்கு முன் அளந்த காற்று. ஓடியபின் நான்கைந்து பாயிண்ட் ஏறும், அதைத் திறந்துவிடக் கூடாது.

சாக்பீஸ் சோதனையும் செய்தேன். பட்டனின் குறுக்கே கோடு போட்டு நேராகக் கொஞ்சம் ஓட்டினால், சமமாக அழிகிறதா என்று பார்க்கலாம். காலி வண்டியில் 46-க்குப் பின் டயரில் நடுப்பகுதி கொஞ்சம் முந்தி அழிந்தது. சாக்பீஸ் பேச்சைக் கேட்டால் 38-க்கு இறக்க வேண்டும். தரையில் எவ்வளவு படுகிறது என்பதைத்தான் அது சொல்லும், எவ்வளவு சூடாகும் என்பதைச் சொல்லாது. நான் அட்டவணையின் பக்கம் சாய்ந்தேன், நடுப்பகுதி கொஞ்சம் சீக்கிரம் தேய்ந்தால் தேயட்டும். சேற்றில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்பது உண்மை. டிரெய்லர் மாட்டியிருக்கும்போது அதைச் செய்வதில்லை. கழற்றிவிட்டு, தனி வண்டியாக இருந்தால் மட்டும், கையில் கம்ப்ரஸரும் இருந்தால் மட்டும்.

வால்வைப் பற்றி ஒரு வரி. சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைக்குத்தான். சென்சாரோடு வந்த உலோக வால்வு என்னிடம் இருந்ததால் தப்பித்தேன். ரிம்முக்கும் தாங்கும் எடை உண்டு, பெரும்பாலும் உள்பக்கத்தில் பொறித்திருப்பார்கள். அதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இப்போது 14,000 கிலோமீட்டர். புதிதாக 12 மில்லிமீட்டர் இருந்த பட்டன் முன்னால் 10.2, பின்னால் 9.8. 8,000-இல் ஒருமுறை முன்பின் மாற்றினேன். முன் ஓரத்துக் கட்டிகளில் ஒரு விளிம்பு உயர்ந்து மறுவிளிம்பு தேய ஆரம்பித்திருந்தது, ஆல் டெரெய்னில் இது வழக்கம், தள்ளிப்போட்டால் ஹூம் என்று சத்தம் வரும். ஒவ்வொரு சக்கரமும் பழையதைவிட நான்கு கிலோ கனம் என்பதால் காலி வண்டியில் டீசல் கொஞ்சம் அதிகம் குடிக்கிறது. இழுக்கும்போது வித்தியாசம் தெரியவில்லை, அப்போது குடிப்பதெல்லாம் டிரெய்லர்தான். களிமண்ணில் எக்ஸ்கவேட்டர் கையின் உதவி இதுவரை தேவைப்படவில்லை.

ஒரு ஓட்டையை மட்டும் விட்டிருந்தேன். வாங்கியது நான்கு. வண்டிக்கு அடியில் தொங்கிய ஸ்டெப்னி பழைய பி வகை. 11,000 கிலோமீட்டர் வாக்கில், டிரெய்லரோடு போகும்போது, பின் டயரில் ஆணி ஏறியது. அந்த ஸ்டெப்னியைச் சுமை ஏறிய பின் அச்சில் போட மனம் வரவில்லை. டிரெய்லரைக் கழற்றி, முன் சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பின்னால் போட்டு, அந்த இடத்தில் ஸ்டெப்னியை மாட்டி, ஒரு பஞ்சருக்கு இரண்டு முறை ஜாக் ஏற்றி, மெதுவாக உருட்டிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனேன். அடுத்த வாரமே ஐந்தாவது டயரையும் வாங்கி அடியில் தொங்கவிட்டாயிற்று. அதிலும் 55.